குடிநீரில் கிருமி: 'இல்லை'யும் 'காணப்படவில்லை'யும்

நமது மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியத்திலிருந்தோ சமய நூல்களிலிருந்தோ ஒரு பொருளைத் தெரிந்தெடுப்பேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். குடிநீரிலே கிருமிகள் எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பற்றி நான் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகவும், விஞ்ஞானம் கற்பிக்கும் என் நண்பருக்குச் சற்று மனத்தாங்கலாகவும் இருத்தல் கூடும். ஆயினும் இப்பொருள் என்னிடம் விஞ்ஞானமாக வரவில்லை; ஓர் இலக்கண ஐயமாகவே வந்தது.

யான் குடியிருப்பது கிருலப்பனையில், கால்வாய்க்கு அண்மையிலுள்ள ஒரு தொடர்மாடியில். சென்ற ஆண்டு பெருமழை ஓய்ந்த ஒரு கிழமைக்குள் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எழுவர் வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு படுத்தனர். அவர்களுள் ஒருவன் ஒன்பதாந் தரத்தில் என்னிடம் தமிழ் கற்பவன். அவன் தங்கை ஐந்து வயதினள். உடம்பில் நீர் வற்றி, ஆறு நாட்கள் ஆசுபத்திரியிற் கிடந்து மீண்டாள். கட்டட நிருவாகக் குழு கூடியபோது, தண்ணீரைச் சோதிக்க வேண்டுமென்று சிலர் கூறினர். குழுவினர் ஓர் ஆய்வுகூட அறிக்கையை எடுத்துக் காட்டினர். இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த மாதிரி அது. நூறு மில்லிலீற்றர் நீரில் ஈ. கோலி என்னும் பற்றீரியா 'காணப்படவில்லை' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. "நீரிற் குற்றமில்லை, பிள்ளைகள் வெளியே வாங்கித் தின்றதனால் வந்த வினை இது" என்று கூறி அன்றைய கூட்டத்தை முடித்துக்கொண்டனர். சேர்த்து வைத்திருந்த பணம் சுவருக்குச் சாயம் பூசுவதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்பதையும் நான் மறைத்தல் ஆகாது.

மறுநாள் வகுப்பு முடிந்தபின் அம்மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, 'இல்லை' என்பதற்கும் 'காணப்படவில்லை' என்பதற்கும் பொருள் ஒன்றா?" என்று கேட்டான். ஒன்றன்று என்றேன். முன்னையது பொருளைப் பற்றிய கூற்று. பின்னையது தேடியவனைப் பற்றிய கூற்று. வீட்டிலே சாவி காணப்படவில்லையென்றால் சாவி இல்லையென்று ஆகிவிடாது. தேடிய இடத்தில், தேடிய நேரத்தில், தேடியவன் கண்ணில் அது படவில்லை என்பதே பொருள். "அப்படியென்றால் அவர்கள் எங்கே தேடினார்கள், எப்போது தேடினார்கள் என்று கேட்க வேண்டாமா?" என்றான் அவன். அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவையும் கேட்டறிந்தவையுமே இக்கட்டுரை.

நீரிலே கிருமிக்கு ஓர் எல்லை வகுக்கலாம் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை 1884ஆம் ஆண்டிலே கல்கத்தாவில், மக்கள் குளித்தும் குடித்தும் வந்த ஒரு குளத்து நீரிற் கண்டறிந்தவர் ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக். எட்டு ஆண்டுகளின் பின் அவர் நாட்டிலேயே அக்கொள்ளைநோய் புகுந்தது. ஹம்பேர்க், அல்தோனா என்பன எல்ப் ஆற்றங்கரையில் ஒன்றையொன்று ஒட்டிக்கிடந்த இரு நகரங்கள். சிலவிடங்களில் ஒரு தெருவே எல்லை. ஹம்பேர்க் நகரம் ஆற்றின் மேற்பகுதியில் நீரெடுத்தது. ஆனால் வடிகட்டாமலே வழங்கியது. அல்தோனாவோ, ஹம்பேர்க்கின் கழிவெல்லாம் கலந்து வரும் கீழ்ப்பகுதியிலே நீரெடுத்தது. ஆனால் மணற்படுகையில் வடிகட்டி வழங்கியது. 1892இல் ஹம்பேர்க்கில் எண்ணாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். அல்தோனா பெரிதும் தப்பியது. ஒரே தெருவில் ஒரு புறத்து வீடுகளிற் சாவும் மறுபுறத்து வீடுகளிற் சுகமுமாயிருந்ததைக் கண்டபின், ஐயுறுவோர் வாயடைந்தனர்.

அதன்பின் கொக் ஓர் எண்ணை முன்வைத்தார். நன்றாக வடிகட்டப்பட்ட நீரில் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 100 கிருமிகளுக்கு மேற்படலாகாது என்பது அது. இவ்வெண்ணின் தன்மையை நோக்குக. நூறு கிருமி குடித்தால் நோய் வராது, நூற்றொன்று குடித்தால் வரும் என்பதன்று இதன் கருத்து. மணற்படுகை ஒழுங்காக வேலை செய்தால் எஞ்சுவது நூற்றுக்குட்பட்டே இருக்கும். மிஞ்சினால் படுகையில் எங்கோ பழுது உண்டு என்று கொள்ள வேண்டும். முதன்முதற் பிறந்த எல்லையே நீரைப் பற்றியதன்று. நீரைக் காப்போனின் வேலையைப் பற்றியது. இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட எல்லை நகரங்களுக்கெனப் பிறந்ததன்று. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் புகையிரதங்களிலும் கப்பல்களிலும் பயணிகளுக்கு வழங்கிய குடிநீருக்கென மத்திய அரசு அதனை வகுத்தது. நூறு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு குடற்பற்றீரியாக்கள் என்ற அளவில் அது அமைந்தது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1905இல், இங்கிலாந்தின் லிங்கன் நகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது ஹூஸ்டன் என்பார் குடிநீருக்குத் தொடர்ந்து குளோரீன் சேர்த்துக் காட்டியிருந்தார். குளோரீன் வந்தபின் எல்லை இறங்கத் தொடங்கிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 1958இல் குடிநீர்க்கான சருவதேச நியமங்களை முதன்முதல் வெளியிட்டது. அதன் 1971ஆம் ஆண்டுப் பதிப்பு வகுத்த விதியை முழுமையாக அறிந்துகொள்வது நன்று. ஓராண்டில் எடுக்கும் மாதிரிகளில் நூற்றுக்கு 95 மாதிரிகளில், 100 மில்லிலீற்றருக்குள் கோலிபோம் வகைப் பற்றீரியா எதுவும் இருத்தலாகாது, எந்த மாதிரியிலும் அவை பத்துக்கு மேற்படலாகாது, அடுத்தடுத்த இரு மாதிரிகளில் அவை தோன்றலாகாது, ஈ. கோலியோ ஒரு மாதிரியிலும் தோன்றவே கூடாது. இன்றைய உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டியும், நமது நாட்டிலே இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 1983இல் வகுத்து 2013இல் திருத்திய 614ஆம் இலக்கக் கட்டளையும் ஈ. கோலி பற்றி இந்நிலையிலேயே நிற்கின்றன: நூறு மில்லிலீற்றரில் பூச்சியம்.

பூச்சியம் என்றதும் மனம் அமைதி கொள்கின்றது. மாணவன் ஐயுற்றதும் இவ்விடத்திலேதான்.

முதலில், தேடப்படுவது எது? நெருப்புக்காய்ச்சற் கிருமியையோ வாந்திபேதிக் கிருமியையோ எவரும் நாடோறும் தேடுவதில்லை. அவை நீரில் மிகச் சிலவாயிருக்கும். தேடிப் பிடித்தல் அரிது. பிடிக்குமுன் ஊர் படுத்துவிடும். ஆகையால் அவற்றுக்குப் பதிலாக ஈ. கோலியைத் தேடுகின்றனர். 1885இல் எஷரிக் என்னும் குழந்தை வைத்தியர் குழந்தைகளின் மலத்திற் கண்டறிந்த பற்றீரியா அது. மனிதர் குடலிலும் இளஞ்சூட்டுக் குருதியுடைய விலங்குகளின் குடலிலும் அது இயல்பாக வாழ்வது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. ஒரு கிராம் மலத்திலே அது கோடிக்கணக்கில் உண்டு. எனவே அது நீரில் ஒன்று தோன்றினும், அந்நீரை மலம் தீண்டியது என்று துணியலாம்; மலம் வந்த வழியே நோய்க்கிருமியும் வரலாம். கோலிபோம் என்பது இன்னும் விரிந்த குடும்பம். அதிற் சில மண்ணிலும் இலையிலும் வாழ்வன. அதனாலேதான் அவற்றுக்குச் சிறிது சலுகையும் ஈ. கோலிக்கு ஒரு சலுகையுமின்மையும் விதிக்கப்பட்டன.

தருக்கம் கற்றவர்க்கு இது புதிதன்று. மலையிலே புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் பிள்ளைகளும் அறிந்த எடுத்துக்காட்டு. ஈ. கோலி புகை, நோய்க்கிருமி நெருப்பு. ஆனால் அதே தருக்க நூலார் இன்னொன்றையும் கூறிவைத்தனர். புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு. நெருப்புள்ள இடத்திலெல்லாம் புகையிருக்க வேண்டுவதில்லை. உலையிற் காய்ந்து சிவந்த இரும்புருண்டையில் நெருப்புண்டு, புகையில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் நிகழ்ந்தது இக்காய்ந்த இரும்பின் கதையே. குளோரீனுக்கு அஞ்சாத கிரிப்ரொஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் வடிகட்டியைக் கடந்து குழாய்களிற் புகுந்தது. ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் வயிற்றோட்டத்துக்கு ஆளாயினர். கோலிபோம் எல்லைகளை அந்நகர நீர் அப்போதும் மீறவில்லை. புகை காணப்படவில்லை, நெருப்பு இருந்தது.

அடுத்து, எவ்வளவு நீரில் தேடுகின்றனர்? நூறு மில்லிலீற்றர் என்பது ஒரு சிறு தேநீர்க் கோப்பையளவு. ஆயிரம் லீற்றர் கொள்ளும் ஒரு தாங்கியில் இத்தகைய கோப்பைகள் பதினாயிரம் உண்டு. அத்தாங்கியில் ஆயிரம் ஈ. கோலிகள் பரந்து கிடக்கின்றன எனக் கொள்வோம். கோப்பைக்குச் சராசரி பத்தில் ஒன்று. அவ்வாறாயின் நாம் எடுக்கும் ஒரு கோப்பை வெறுமையாயிருப்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு உண்டு. கோப்பைக்குச் சராசரி ஒன்றாக உயர்ந்தாலுங்கூட, நூறு கோப்பைகளில் ஏறத்தாழ 37 கோப்பைகள் வெறுமையாகவே அகப்படும். இக்கணக்கை எனக்குச் செய்து காட்டியவர் நமது கணித ஆசிரியர். அதன்பின் ஓர் அறிக்கையை நான் நம்பும் முறையே மாறிவிட்டது. ஒரு போத்தல் காட்டும் பூச்சியம் மெலிந்தது. மாதந்தோறும், பல இடங்களில், பல போத்தல்கள் காட்டும் பூச்சியமே பெறுமதியுள்ளது. அதனாற்றான் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள்ள நகரங்களுக்கு, பதினாயிரம் பேருக்கு ஒன்று, அதற்கு மேலும் பத்து என மாதந்தோறும் மாதிரிகள் எடுக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. ஆறிலட்சம் பேருள்ள ஒரு நகரத்துக்கு அது மாதம் எழுபது போத்தல்கள்.

போத்தலில் நீர் எடுப்பதும் ஒரு கலையே. குழாய்வாயைத் தீச்சுவாலையிற் காட்டிச் சுட்டு, சில நிமிடம் நீரை ஓடவிட்டு, கிருமியகற்றிய போத்தலிற் பிடிக்க வேண்டும். போத்தலில் முன்கூட்டியே சிறிது சோடியம் தயோசல்பேற்று இடப்பட்டிருக்கும். அது எதற்கெனின், நீரிலுள்ள குளோரீன் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே சென்றால், குழாயில் இருந்த நிலை ஆய்வுகூடத்திற் தெரியவராது. ஆகையால் குளோரீனை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். போத்தலைக் குளிரிலே வைத்து விரைவில், இயன்றால் ஆறு மணித்தியாலத்துக்குள், ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இலற்றோசு வெல்லம் கலந்த ஊட்டநீரில் இதனைச் சேர்த்து, உடற்சூட்டளவான வெப்பத்தில் வைப்பர். கோலிபோம் இருந்தால் வெல்லத்தைப் புளிக்கச் செய்து வாயுவை வெளிவிடும். தலைகீழாகக் கவிழ்த்திட்ட சிறு கண்ணாடிக் குழலில் அவ்வாயு குமிழாகத் தேங்கி நிற்கும். பின்னர் 44 பாகை வெப்பத்தில் மீண்டும் வளர்த்து, மண்ணில் வாழும் உறவினரை நீக்கி ஈ. கோலியைப் பிரித்தறிவர். நீரை மெல்லிய சவ்வினூடாக வடித்து, அச்சவ்வின்மேல் முளைக்கும் பொட்டுக்களை எண்ணும் முறையும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் செல்லும். அறிக்கை கைக்கு வரும்போது, சோதிக்கப்பட்ட நீரை ஊர் குடித்து முடித்திருக்கும். எல்லை மீறப்பட்டது என்னும் செய்தி எப்போதும் நேற்றைய நீரைப் பற்றிய செய்தியே. இன்றைய நீரைக் காப்பது வேறொன்று: குழாயின் கடைசி வாய் வரையிலும் எஞ்சி நிற்கும் குளோரீன். வழங்குமிடத்தில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பர். ஒரு சிறு மாத்திரையை நீரிலிட, அது இளஞ்சிவப்பு நிறங்கொள்ளும். நிறத்தின் அழுத்தத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவறியலாம். இரண்டு நிமிட வேலை. பள்ளிப்பிள்ளையும் செய்யத்தக்கது. குழாய்நீரில் 'மருந்து மணக்கின்றது' என்று முகஞ்சுளிப்போர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பலருளர். எனக்கும் அம்மணம் பிடிப்பதில்லை. ஆயினும் அது வாராத நாளிலேயே நான் இப்பொழுது அஞ்சுகின்றேன்.

அளக்க வேண்டியதை அளக்காது, அளந்ததாக எழுதிவைத்தால் நேர்வது யாதென்பதற்கு, நம்மவர் உறவினர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணமே சான்று. அங்கே வோக்கற்றன் என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்தது. வயலிலிட்ட மாட்டுச் சாணம் கரைந்து, ஆழமற்ற கிணறொன்றிற் கலந்தது. ஈ. கோலியுள்ளே நஞ்சுடைய ஒரு வகை அதிலே இருந்தது. குளோரீன் அளவு ஒழுங்காகப் பார்க்கப்படவில்லை. பதிவேட்டில் மட்டும் நல்ல எண்கள் எழுதப்பட்டு வந்தன. எழுவர் மாண்டனர், இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேல் நோயுற்றனர். செல்வமிக்க நாடு, ஆய்வுகூடமும் சட்டமும் உள்ள நாடு அது.

இனி நமது ஊர் நீர் வரும் வழியைப் பார்ப்போம். கொழும்புக்கு முதற் பெருங்குழாய் நீர் 1886இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. அங்கிருந்து மாளிகாகந்தைத் தேக்கத்துக்கு நீர் தன் சாய்விலேயே வழிந்து வந்தது. அக்காலத்தார் கைக்கொண்ட உபாயம் எளியது: நீர் பிறக்கும் காட்டிலே மனிதனைக் குடியிருக்க விடாதே என்பது. லபுகம, களட்டுவாவ நீரேந்து காடுகள் இன்றும் காக்கப்படுகின்றன. ஆனால் நகரம் பெருத்தது, அந்நீர் போதவில்லை. இன்று கொழும்பு மாநகரும் சூழலும் குடிப்பதிற் பெரும்பகுதி களனி கங்கை நீர். அம்பத்தலையிலும் பியகமையிலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதனை எடுத்துச் சுத்திகரிக்கின்றது. மலைநாட்டில் தொடங்கிப் பல ஊர்களையும் தொழிற்சாலைகளையும் கடந்து வரும் ஆற்றுநீர் அது. மனிதனை நீரிலிருந்து விலக்கி வைக்கும் உபாயம் அங்கே செல்லாது. மனிதன் இட்டதை நீரிலிருந்து விலக்கும் உபாயமே செல்லும்.

முதலிற் படிகாரம் போன்ற உப்புக்களைச் சேர்த்துக் கலங்கலைத் திரட்டி அடியிற் படியவிடுவர். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல்நீரைத் தெளிய வைத்ததும் இவ்வேலையே. ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. கொட்டை மண்ணைப் படியவைத்தது, கிருமியை முற்றாகக் கொன்றதில்லை. படிந்தபின் மணலில் வடித்து, இறுதியிற் குளோரீன் சேர்ப்பர். கலங்கல் நீங்காத நீரிற் குளோரீனை இடுவது பெரும்பாலும் வீண். அழுக்குத் துகள் குளோரீனைத் தின்றுவிடும், கிருமி துகளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். கட்டளை கலங்கலுக்கும் ஓர் எல்லை வகுத்திருப்பதன் நியாயம் இது.

சுத்திகரிப்பு நிலையத்தைவிட்டு நீர் புறப்படும்போது பூச்சியம் என்பது மெய்யாகவே பூச்சியத்துக்கு அண்மையில் நிற்கின்றது. இடர் அதன்பின்னேதான். பழைய தெருக்களில் நீர்க்குழாயும் கழிவுக் கானும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. குழாயில் அழுத்தம் இருக்கும் வரையில், வெடிப்பினூடாக நீர் வெளியே கசியுமேயன்றி அழுக்கு உள்ளே புகாது. நீர்வெட்டு வந்து அழுத்தம் தணிந்ததும் நிலைமை தலைகீழாகின்றது. சுற்றியுள்ள சேற்றுநீரைக் குழாய் உறிஞ்சுகின்றது. தெருக்குழாயிலே நேரே மோட்டரைப் பொருத்தி நீரை இழுப்போர் இத்தீங்கைத் தாமே வருவித்துக் கொள்கின்றனர். அதிலும் கொடியது, அயலாருக்கும் வருவிக்கின்றனர். நீர்வெட்டு நீங்கி முதலில் வரும் நீரைச் சிறிது நேரம் ஓடவிட்ட பின்பே குடத்திற் பிடிக்க வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்வார். காரணம் கேட்டால் துரு என்பார். காரணம் துரு மட்டுமன்று.

அதற்கும் அப்பால் நிலத்தடித் தொட்டியும் மொட்டைமாடித் தாங்கியும் உள. வெள்ளவத்தை தொடங்கி இரத்மலானை வரையிற் கடற்கரையோரம் எழுந்துள்ள மாடிகளுள் இவையிரண்டும் இல்லாதது அரிது. நீர் இவற்றிலே தேங்கி நிற்கும்போது குளோரீன் சிறிது சிறிதாக அழிகின்றது; வெயிலேறிய தாங்கியில் விரைவாக அழிகின்றது. அடியில் மண்டி சேர்ந்திருந்தால் அதுவும் ஒரு பங்கைத் தின்கின்றது. மூடியிலே விரலளவு இடைவெளி போதும். பல்லியும் கரப்பானும் காக்கை எச்சமும் உட்புகும். தெருவரையில் நீருக்குப் பொறுப்பு சபையினது. வாசற்படியைக் கடந்தபின் பொறுப்பு நம்முடையது. கட்டளையிலே கூறிய எல்லை வாசற்படியிலே நின்றுவிடுகின்றதா? குடிப்பவன் வாய்க்கு அத்தகைய வாசற்படி ஏதுமில்லையே.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர், "எங்கள் கிணற்று நீருக்கு இத்தொல்லையொன்றும் இல்லை" என்று பெருமை பேசுவர். யானும் பேசியவனே. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளினூடாக விரைந்து இறங்கிக் கிணற்றை நிரப்புகின்றது. மலகூடக் குழியின் கசிவும் அதே வெடிப்புகளினூடாக இறங்குகின்றது. மணல்நிலத்தில் ஐம்பது அடி தொலைவு கிருமியை வடிகட்டிவிடக்கூடும். வெடிப்புள்ள கல்லில் ஐம்பது அடி என்பது வடிகட்டியன்று, ஒரு வாய்க்காலே. சிறுகச் சிறுகப் பகுத்த காணிகளில் ஒருவர் கிணற்றுக்கும் அயலவர் குழிக்கும் ஐம்பது அடி கிடைப்பதும் அரிதாகிவிட்டது. நெருப்புக்காய்ச்சல் அங்கே நெடுங்காலம் நீங்காதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கிணற்றுநீரின் சுவை நாவுக்குத் தெரியும். கிருமி நாவுக்குத் தெரியாது. இத்துறைக்கு நம்மவர் ஒரு காலத்தில் அழகிய பெயரொன்றையும் வைத்திருந்தனர். மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியர் காலத்துத் தமிழ் நூலொன்றில், சுகாதார விதிகளைக் கூறும் கலை 'உற்பாலனம்' எனப்பட்டது. அச்சொல்லை இன்று நான் வகுப்பிற் கூறினால் பிள்ளைகள் சிரிக்கின்றனர். சொல் போனாற் போகட்டும்.

கொதித்தாறிய நீரைக் குடித்தால் இத்தனை ஆராய்ச்சியும் எதற்கு என்று கேட்பாருமுண்டு. நியாயமான வினாவே. நீர் தளதளவெனக் கொதித்தால் ஈ. கோலியும் நெருப்புக்காய்ச்சற் கிருமியும் மில்வோக்கியைப் படுக்கவைத்த நுண்ணுயிரும் மாளும். மழைவெள்ளம் வந்த நாட்களிலும் நீர்வெட்டு நீங்கிய நாட்களிலும் கொதிக்கவைப்பதை நான் விடுவதில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை பல்துலக்கும்போது கொப்பளித்து விழுங்குவது கொதித்த நீரன்று. சம்பலுக்கு அலசிய கொத்தமல்லித் தழை கொதித்த நீரில் அலசப்படுவதன்று. எரிவாயுவின் விலையைக் கணக்கிட்டுக் கொதிக்கவைக்கும் வீடுகளும் எங்கள் கட்டடத்தில் உள. பொதுநீருக்கு எல்லை வகுத்ததே, ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் நம்பி ஊரின் உயிரை விடலாகாது என்பதனாலன்றோ?

மாணவனின் வினாவுக்குத் திரும்புகின்றேன். எங்கே தேடினார்கள்? அறிக்கையை மீண்டும் வாங்கிப் பார்த்தோம். மாதிரி எடுத்த இடம்: தெருக்குழாய் கட்டடத்துள் நுழையும் வாயில். எப்போது? மழைக்கு இரண்டு மாதம் முன்பு. அவ்வறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. வாயிலில், அன்று, அந்தக் கோப்பையளவு நீரில், ஈ. கோலி காணப்படவில்லை, அவ்வளவே. நாங்கள் குடித்ததோ நான்காம் மாடிக் குழாயில், மழைக்குப் பின்பு.

பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நானும் அவன் தந்தையாரும் ஒரு விண்ணப்பம் எழுதினோம். அவர் வந்து மூன்று இடங்களில் மாதிரி எடுத்தார். வாயிலில் முன்போலவே பூச்சியம், குளோரீனும் இருந்தது. நிலத்தடித் தொட்டியிலும் நான்காம் மாடியிலும் ஈ. கோலி காணப்பட்டது, குளோரீன் அறவே இல்லை. தொட்டியைத் திறந்து இறைத்தபோது, கான் பக்கத்துச் சுவரிலே ஒரு வெடிப்பும், அதனருகே கறுத்த கசிவுத் தடமும் தெரிந்தன. மேலே தாங்கியின் மூடி உடைந்து பலகையொன்றால் மூடப்பட்டிருந்தது. மழைநாளிற் கான் நிரம்பியபோது நிகழ்ந்ததை அறிய வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் எவரும் உரத்துப் பேசவில்லை. முன்னொரு கூட்டத்தில், வாடகைக்கிருக்கும் பெண்மணி ஒருவர் தண்ணீரைக் குறை கூறியபோது, "உங்களுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று அடக்கப்பட்டவர். இம்முறை அவர் அறிக்கையை மேசைமேல் வைத்து, "நூறு மில்லிலீற்றருக்குப் பூச்சியம் என்பது சட்டம், இங்கே பூச்சியம் இல்லை" என்று மட்டும் சொன்னார். சாயத்துக்கென வைத்த பணத்தில் தொட்டி பூசப்பட்டது. கானுக்கும் தொட்டிக்குமிடையே சுவர் எழுப்பப்பட்டது. தாங்கிக்குப் புது மூடி வந்தது. சுண்ணமும் குளோரீனும் சேர்ந்த வெளிற்றுந்தூளைக் கரைத்துத் தொட்டியையும் தாங்கியையும் குழாய்களையும் கழுவினோம். ஒரு பகல் முழுவதும் நீரின்றியிருந்தோம். எங்கள் சுவர்கள் இன்றும் சாயமின்றி நிற்கின்றன.

மாதத்துக்கொரு முறை இப்பொழுது நான்காம் மாடிக் குழாயில் குளோரீன் பார்க்கப்படுகின்றது. மூன்று மாதத்துக்கொரு முறை ஆய்வுகூடத்துக்குப் போத்தல் செல்கின்றது. பெருமழை பெய்தால் நாள் பார்த்திராது உடனே அனுப்புகின்றோம். பெறுபேற்றைப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டும் பொறுப்பை அம்மாணவன் ஏற்றுக்கொண்டுள்ளான். சென்ற முறை ஒட்டிய தாளில், 'காணப்படவில்லை' என்னும் சொல்லுக்குக் கீழே, மாதிரி எடுத்த இடம், நாள், நேரம் மூன்றையும் சிவப்பு மையாற் கோடிட்டிருந்தான்.